ஐந்து சாம்பியன்கள், நான்கு நாற்காலிகள்

ஜெர்மன் கால்பந்தின் நான்காம் அடுக்கில் ஆண்டுதோறும் ஐந்து அணிகள் முதலிடம் பிடிக்கின்றன. அவற்றில் நான்குதான் மூன்றாம் அடுக்குக்கு ஏற முடியும். கோடையில் தொடங்கி அடுத்த மே வரை 34 ஆட்டங்கள் ஆடி, பட்டியலின் உச்சியில் நின்ற பிறகும் ஓர் அணி கீழேயே தங்கிவிடலாம். கால்பந்தில் அநியாயத்துக்குப் பஞ்சமில்லை. தப்பான பெனால்டி, நேரங்கெட்ட நேரத்துக் காயம், பக்கத்து ஊர்க்காரனின் பணம் என்று எத்தனையோ உண்டு. அவையெல்லாம் தற்செயலாக நேர்பவை. இதுவோ எழுதி வைக்கப்பட்டது. சீசனின் முதல் பந்து உதைபடும் முன்பே விதிப் புத்தகம் சொல்லிவிடுகிறது: உங்களில் ஒருவர் ஜெயித்தும் தோற்பார்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உச்சியில் 1963-இல் தொடங்கிய புண்டஸ்லிகா, 18 அணிகள். அடுத்தது இரண்டாம் புண்டஸ்லிகா, அதிலும் 18. அதற்கும் கீழே 2008-இல் உருவான மூன்றாம் லீக், 20 அணிகள். இதுவரை நாடு முழுவதற்கும் ஒரே லீக். நான்காம் அடுக்கில்தான் நாடு துண்டாகிறது: வடக்கு, வடகிழக்கு, மேற்கு, தென்மேற்கு, பவேரியா என ஐந்து மண்டல லீக்குகள். அவற்றுக்கும் கீழே மாநிலம், மாவட்டம், வட்டாரம் என்று இறங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊர்க்கோடி மைதானத்தில் ஆடுகிறவர்கள் வரை போகும். அந்தக் கடைசிப் படியில் நிற்கிறவர்களும், விதிப்படி, ஆண்டுக்கு ஒரு படியாக ஏறி ஒருநாள் பயர்ன் மியூனிக்கோடு மோதலாம். ஐபிஎல் பார்த்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தெரியும். அங்கே கடைசி இடம் பிடித்த அணி அடுத்த ஏலத்தில் புதுச் சட்டையோடு வந்து உட்காரும். அதன் இடத்தைப் பறிக்கக் கீழே யாரும் காத்திருப்பதில்லை.

2008 முதல் 2012 வரை மண்டல லீக்குகள் மூன்றே. மூன்று சாம்பியன்கள், மூன்று இடங்கள், சச்சரவு இல்லை. ஆனால் பயணம் நீண்டது, செலவு கூடியது, பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகள் வந்து ஆடினால் அவற்றோடு ரசிகர் கூட்டம் வரவில்லை, சின்னக் கிளப்புகள் ஒன்றொன்றாகத் திவாலாயின. அதற்கு மருந்தாகத்தான் மூன்றை ஐந்தாக்கினார்கள். பேருந்துப் பயணம் குறைந்தது, பக்கத்து ஊர்ப் பகை ஆட்டங்கள் கூடின, வாசலில் டிக்கெட் விற்றது. மேலே இடம் மட்டும் மூன்றுதான். ஐந்து சாம்பியன்களும் தென்மேற்கில் இரண்டாவதாக வந்தவரும் சேர்ந்து ஆறு பேர், மூன்று ஜோடிகளாக மோத வேண்டும் என்றானது. பிறகு இடத்தை நான்காக்கினார்கள். இப்போது மேற்கும் தென்மேற்கும் ஆண்டுதோறும் நேராக ஏறும். பதிவு செய்த அணிகள் அங்கே அதிகம் என்பது சொல்லப்படும் காரணம். மற்ற மூன்று மண்டலங்களில் ஒன்றுக்குச் சுழற்சி முறையில் நேரடி இடம். எஞ்சிய இரண்டு சாம்பியன்கள் ஒருவர் ஊரில் ஒன்று, மற்றவர் ஊரில் ஒன்று என இரண்டு ஆட்டம் ஆடித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

கெட்ட எண்ணத்தோடு யாரும் செய்த ஏற்பாடில்லை இது. ஒரு நியாயமான குறையைத் தீர்க்கப் போய் இன்னொரு குறையை உண்டாக்கிய நிர்வாகக் கதை, அவ்வளவுதான். அதனால்தான் இதை யாராலும் சுலபமாகச் சரிசெய்ய முடியவில்லை என்றும் தோன்றுகிறது. வில்லன் இருந்தால் அவனைத் துரத்திவிடலாம்.

பழைய ஆறுபேர் முறையில் அடிவாங்கியது தென்மேற்கு. 2016, 2017, 2018 என்று மூன்று ஆண்டுகளில் அந்த மண்டலம் அனுப்பிய ஆறு அணிகளும் தோற்றன. அதில் மூன்று முறை போய் மூன்று முறையும் திரும்பியது வால்ட்ஹோஃப் மன்ஹைம். 1954 உலகக் கோப்பையை மேற்கு ஜெர்மனிக்கு வாங்கித் தந்த பயிற்சியாளர் ஸெப் ஹெர்பெர்கர் இளமையில் ஆடிய கிளப் அது. எண்பதுகளில் ஏழு ஆண்டுகள் புண்டஸ்லிகாவில் இருந்தது. முதல் முறை லோட்டே என்ற சிற்றூர் அணியிடம் தோல்வி. அடுத்த ஆண்டு மெப்பனோடு இரண்டு ஆட்டத்திலும் கோலே இல்லை, பெனால்டியில் போயிற்று. மூன்றாவது ஆண்டு யூர்டிங்கனிடம் பின்தங்கியபோது ரசிகர் பகுதியிலிருந்து தீப்பந்தங்களும் பட்டாசுகளும் மைதானத்தில் வந்து விழுந்தன. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார், வெற்றி எதிரணிக்கு எழுதப்பட்டது. அந்த நெருப்பை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் மூன்று வசந்தங்கள் தொடர்ந்து வாசல்வரை போய்த் திரும்பிய கூட்டம் அது என்பதை மறந்துவிட்டு அதை வெறும் ரவுடித்தனம் என்று எழுதிய பத்திரிகைகளோடும் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த ஆண்டு, விதி மாறியிருந்த 2019-இல், மன்ஹைம் பிளே-ஆஃப் இல்லாமலேயே ஏறியது.

இப்போது அடிவாங்குவது வடகிழக்கு, அதாவது பெர்லினும் பழைய கிழக்கு ஜெர்மனியும். 2020-இல் லோகோமோட்டிவ் லைப்சிக், 2022-இல் டைனமோ பெர்லின், 2023-இல் எனர்ஜி கோட்புஸ், 2025-இல் மறுபடியும் லோகோமோட்டிவ் லைப்சிக். நான்கு முறை அந்த மண்டலத்துச் சாம்பியன் பிளே-ஆஃப் ஆட வேண்டியிருந்தது, நான்கு முறையும் மேற்கத்திய அணி ஒன்றிடம் தோற்றது. டைனமோ பெர்லினுக்காகக் கண்ணீர் விட்டவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள். உளவுத் துறைத் தலைவர் எரிக் மீல்கேயின் செல்லப் பிள்ளையாக 1979 முதல் 1988 வரை தொடர்ந்து பத்து முறை கிழக்கு ஜெர்மனியின் பட்டத்தை வாங்கிய கிளப் அது. மற்றவர்களின் கதை வேறு.

அந்த மண்டலத்தின் ஆட்ட அட்டவணையை எடுத்துப் பார்த்தால் பழைய ஐரோப்பியக் கோப்பைகளின் பதிவேட்டைப் புரட்டுவது போல இருக்கும். யேனா 1981-இல் கோப்பை வென்றோர் கோப்பையின் இறுதிவரை போய் திபிலிசியிடம் தோற்ற அணி. லோகோமோட்டிவ் 1987-இல் அதே கோப்பையின் இறுதியில் ஏதென்ஸில் அயாக்ஸிடம் தோற்றது. ஒரே கோல், அடித்தவர் வான் பாஸ்டன். கெம்னிட்ஸ், ஸ்விக்காவ், எர்ஃபுர்ட், ஹாலே எல்லாமே ஒரு காலத்தில் ஒரு நாட்டின் முதல் அடுக்கு. அந்த நாடு 1990-இல் இல்லாமல் போயிற்று. மறு ஆண்டு லீக்குகளை இணைத்தபோது கிழக்கிலிருந்து புண்டஸ்லிகாவுக்கு இடம் கிடைத்தது இரண்டே கிளப்புகளுக்கு, ரோஸ்டாக்கும் டிரெஸ்டனும். ஆறு கிளப்புகள் இரண்டாம் அடுக்கில் சேர்க்கப்பட்டன. நல்ல ஆட்டக்காரர்களை மேற்கத்திய கிளப்புகள் அதற்குள் வாங்கிக்கொண்டிருந்தன. ஊதியம் கொடுத்த ஆலைகள் மூடப்பட்டன. பிறகு வந்த முப்பது ஆண்டுகளை ஒரு வரியில் சொல்வதானால், பெரும்பாலானவை கீழே இறங்கின.

லைப்சிக்கில் கொஞ்சம் நிற்கலாம். ஜெர்மன் கால்பந்து சம்மேளனம் பிறந்தது அந்த நகரில், 1900-இல். முதல் தேசியப் பட்டத்தை 1903-இல் வென்றதும் லைப்சிக் அணிதான், பிராகிலிருந்து வந்த அணியை 7-2 என்று தோற்கடித்து. அந்த மூத்த கிளப்பின் வழித்தோன்றலாகத் தன்னைக் கருதுவது லோகோமோட்டிவ். ஊரார் சொல்வது லோக். 1987 அரையிறுதியில் பிரான்ஸின் போர்தோ அணியோடு லைப்சிக்கின் மத்திய மைதானத்தில் பெனால்டி வரை போன ஆட்டம் இன்றும் அங்கே பேசப்படுகிறது. கோல்கீப்பர் ரெனே முல்லர் இரண்டு பந்துகளைத் தடுத்துவிட்டு, கடைசி உதையைத் தானே போய் அடித்து முடித்தார். அன்று அரங்கில் 73,000 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. ஒரு லட்சம் என்பது லைப்சிக்காரர்களின் கணக்கு. இரண்டாவதை நம்ப எனக்கு ஆசை.

1993-94-இல் அந்தக் கிளப் பழைய பெயரோடு புண்டஸ்லிகாவில் ஒரே ஒரு ஆண்டு இருந்து, கடைசி இடத்தோடு இறங்கியது. அதன்பின் கடன். 2004-இல் எல்லாம் முடிந்தது. ரசிகர்கள் லோகோமோட்டிவ் என்ற பெயரில் புதுக் கிளப்பைப் பதிவு செய்து, இருப்பதிலேயே அடிமட்டமான பதினோராம் அடுக்கில் முதலில் இருந்து தொடங்கினார்கள். எதிரில் ஆடியவை கிராமத்து அணிகள், சில சமயம் கிராமத்து அணிகளின் இரண்டாம் அணிகள். அப்படி ஓர் ஆட்டத்துக்கு அந்த ஆண்டு அக்டோபரில் 12,000-க்கும் மேற்பட்டவர்கள் டிக்கெட் வாங்கி மத்திய மைதானத்துக்கு வந்தார்கள். எதிரே ஓடியவர்களில் எத்தனை பேர் அதற்கு முன் நூறு பேர் முன்னால் ஆடியிருப்பார்கள் என்று தெரியாது.

மேலே ஏறும் ஆசையைப் பற்றிப் பேசும்போது அந்த 12,000 பேரைத்தான் நான் முதலில் நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் எதற்காக வந்தார்கள்? ஆட்டத்தின் தரத்துக்காக இல்லை. வெற்றியில் சந்தேகமே இல்லாததால் பரபரப்புக்காகவும் இல்லை. ஏணியின் கடைசிப் படியில் கால் வைக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்க்க வந்தார்கள். அந்த ஏணிக்கு எங்கேயும் படி விட்டுப்போகவில்லை என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள்.

எட்டு ஆண்டுகளில், 2012-இல், நான்காம் அடுக்கை எட்டினார்கள். 2014-இல் இறங்கினார்கள், 2016-இல் திரும்ப வந்தார்கள். கொரோனாவால் பாதியில் நின்ற 2019-20 சீசனில் முதலிடம் அவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. ஜூன் மாதம், ஆளில்லாத அரங்கில், வெஸ்ட்ஃபாலியாவின் ஃபெர்ல் அணியோடு பிளே-ஆஃப். லைப்சிக்கில் 2-2, அங்கே 1-1. தோற்கவே இல்லை, வெளியூரில் அடித்த கோல் அதிகம் என்ற விதியால் ஃபெர்ல் ஏறியது. அந்த ஃபெர்ல் தன் மண்டலத்தில் சாம்பியனும் இல்லை. முதலிடம் பெற்ற ரோடிங்ஹவுசன் மூன்றாம் லீகுக்கான உரிமம் வேண்டும் என்று விண்ணப்பிக்கவே இல்லை. இரண்டாம் இடத்தார் வந்து, தோற்காமல், ஜெயிக்காமல், சாம்பியனைத் தாண்டிப் போனார்கள்.

ஐந்து ஆண்டுகள் கழித்து மறுபடியும் முதலிடம். இம்முறை எதிரணி ஹனோவருக்குப் பக்கத்துக் கார்ப்சன் நகரின் ஒரு பகுதியான ஹாவெல்சே. அங்கே 1-1. லோகின் சொந்த அரங்கு ப்ராப்ஸ்ட்ஹைடா என்ற புறநகரில் இருக்கிறது, 1922-இல் திறந்தது. அதன் பழைய மரப் பார்வையாளர் மாடம் இன்றும் நிற்கிறது. அரங்கு நிறைந்திருந்த இரண்டாவது ஆட்டம் 90 நிமிடத்தில் கோல் இல்லாமல் முடிந்து, கூடுதல் நேரத்தில் 0-3 என்று போயிற்று. இணையத்தில் அந்தக் கடைசி அரைமணி நேரத்தைப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். அன்று நன்றாக ஆடியது ஹாவெல்சேதான்.

அதே நகரில் இன்னொரு கிளப்பும் நான்காம் அடுக்கில் இருக்கிறது. 1963-இல் கட்சி அதிகாரிகள் லைப்சிக்கின் சிறந்த ஆட்டக்காரர்களை ஒரே அணியில் திரட்டினார்கள். தேறாதவர்கள் என்று ஒதுக்கியவர்களை லாய்ட்ஷ் பகுதியின் கெமி அணிக்கு அனுப்பினார்கள். பயிற்சியாளர் ஆல்ஃப்ரெட் குன்ஸே அந்த மிச்சசொச்சத்தை வைத்துக்கொண்டு 1964-இல் கிழக்கு ஜெர்மனியின் சாம்பியன் பட்டத்தை வாங்கினார். கெமி ரசிகர்களிடம் லைப்சிக்கின் மிச்சம் என்பது இன்றைக்கும் பெருமைச் சொல். அவர்களுக்கும் லோக்குக்கும் ஆகவே ஆகாது. இருவருக்கும் சேர்ந்து ஆகாத மூன்றாவது கிளப் ஒன்று இருக்கிறது. 2009-இல் ஒரு பானக் கம்பெனி பக்கத்து மார்க்ரான்ஷ்டெட் ஊரின் ஐந்தாம் அடுக்கு இடத்தை வாங்கி உருவாக்கிய ஆர்பி லைப்சிக். ஏழே ஆண்டுகளில், 2016-இல், அது புண்டஸ்லிகாவில். ரெனே முல்லர் பெனால்டி அடித்த மைதானம் திருத்திக் கட்டப்பட்டு இப்போது அவர்களுடையது. அவர்களும் 2013-இல் இதே பிளே-ஆஃபைத் தாண்டித்தான் போனார்கள் என்பதையும் குறித்துவிட வேண்டும். பணம் இருப்பவனுக்கும் அந்தப் படி ஒரு முறை இருந்தது. அதில் கால் இடறாமலிருக்க வேண்டிய ஆட்களை வாங்க அவனிடம் வழி இருந்தது.

இந்தக் கதையைச் சொல்லும்போது மனம் தானாக லோக் பக்கம் சாய்கிறது. மரமாடம், 1903, வான் பாஸ்டன் என்று எழுதிக்கொண்டே போனால் யாரும் சாய்வார்கள். ஆனால் இங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கிழக்கு எப்போதுமே ஏமாற்றப்பட்டது என்ற புலம்பலுக்குப் புள்ளிவிவரம் முழுசாகத் துணை வராது. 2015-இல் மாக்டபுர்க், 2016-இல் ஸ்விக்காவ், 2017-இல் யேனா, 2018-இல் கோட்புஸ் என்று நான்கு ஆண்டுகள் வரிசையாக வடகிழக்கு அணிகள் பிளே-ஆஃப் வென்றிருக்கின்றன. தென்மேற்கு அழுதுகொண்டிருந்த அதே ஆண்டுகள்தான். எழுந்து நின்ற வரலாறு இருப்பதால் எங்களுக்கு மேலே இடம் வேண்டும் என்பது, எங்கள் தாத்தா ஜமீன்தார் என்பதற்குப் பெரிதாக வேறில்லை. ஹாவெல்சேயைக் கிராமத்தான் என்று கேலி செய்தவர்களுக்கு 1990-இல் ஃபோல்கர் ஃபின்கே என்ற பயிற்சியாளரின் கீழ் அந்தக் கிராமத்தான் இரண்டாம் புண்டஸ்லிகாவில் ஏறி ஓராண்டு ஆடியது தெரிந்திருக்காது. தெரியாவிட்டாலும் பாதகமில்லை. 2025-இல் வடக்கு மண்டலத்தில் முதலிடம் வந்தது அவர்கள்தான். அன்று அவர்கள் தோற்றிருந்தால் அநியாயம் அதே எடைதான். அழ ஆள் குறைவாக இருந்திருக்கும், அவ்வளவே. லோக்கின் கோரிக்கை வலுவானது, ஏனென்றால் அதற்கு 1903 தேவைப்படவில்லை. முந்தைய மே மாதத்துப் பட்டியல் போதும்.

நேரடி இடம் உள்ள மண்டலத்திலும் நிம்மதி இல்லை. 1955-இல் ஜெர்மன் சாம்பியனான எஸ்ஸன், 1954 உலகக் கோப்பை இறுதியில் வெற்றிக் கோலடித்த ஹெல்முட் ரானின் கிளப், பதினான்கு ஆண்டுகள் கீழேயே கிடந்தது. 2020-21-இல் 90 புள்ளிகள் எடுத்தும் இரண்டாமிடம். மேலே 93 புள்ளிகளோடு நின்றது டார்ட்முண்டின் இரண்டாம் அணி. அந்தப் பையன்களில் பாதிப் பேருக்கு மேற்கு மண்டல லீக் என்பது ஒரு பயிற்சிப் பட்டறை. அடுத்த ஆண்டு எஸ்ஸனும் முன்ஸ்டரும் 87 புள்ளிகளில் சமமாக நின்று, கோல் வித்தியாசத்தில் எஸ்ஸன் தப்பியது.

இவ்வளவு பாடுபட்டு ஏறினால் மேலே என்ன இருக்கிறது? இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. மூன்றாம் லீக் வெளியிலிருந்து தொழில்முறை. உள்ளே போனவர்களுக்குக் கணக்கு உதைக்கும். இரண்டாம் புண்டஸ்லிகாவின் தொலைக்காட்சிப் பணத்தில் சிறு பங்குதான் அங்கே வரும். செலவு மட்டும் அந்த லீக்கைத் துரத்திக்கொண்டு ஓடும்: மைதானத்துக்கு அடியில் வெப்பக் குழாய், மின்விளக்கு, அரங்கின் கொள்ளளவு, முழுநேர ஊதியம். ஃபெர்ல் ஏறியபோது அதன் அரங்கு தகுதி பெறவில்லை. பாடர்போர்னிலும் பிறகு லோட்டேயிலும் போய் வீட்டு ஆட்டங்களை ஆடியது. மன்ஹைமைத் தாண்டி 2018-இல் ஏறிய யூர்டிங்கன் ரஷ்ய முதலீட்டாளரின் பணத்தில் பழைய உலகச் சாம்பியன் ஒருவரைக்கூடச் சேர்த்தது. 2021-இல் திவாலாகி உரிமம் இழந்தது. துருக்கியிலிருந்து வந்த தொழிலாளர்கள் 1975-இல் தொடங்கிய துர்க்குஜூ மியூனிக், குடியேறிகளின் கிளப் ஒன்று முதல் முறையாகத் தேசிய லீகுக்கு வந்தது என்ற பெருமையோடு 2020-இல் ஏறியது. 2022 மார்ச்சில் பணம் தீர்ந்து சீசனின் நடுவிலேயே விலகியது. அதற்கு எதிராக மற்றவர்கள் ஆடிய ஆட்டங்களையும் பட்டியலிலிருந்து அழித்தார்கள்.

ரோடிங்ஹவுசனின் முடிவு இந்த வெளிச்சத்தில் கோழைத்தனமாகத் தெரிவதில்லை. பத்தாயிரம் பேர் வாழும் ஊர், சமையலறை அலமாரிகள் செய்யும் ஒரு கம்பெனியின் ஆதரவு. ஜெயிக்கலாம், ஏற வேண்டாம் என்று உட்கார்ந்து யோசித்தார்கள். இந்தத் தெளிவு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் அந்த ஆண்டு அந்த அணியில் ஆடிய இருபது வயதுப் பையன் ஒருவனின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தால் பிடிக்காமலும் போகிறது.

இதற்கு நேர்மாறான வினோதம் 1860 மியூனிக். 1966-இன் ஜெர்மன் சாம்பியன். 2017-இல் இரண்டாம் புண்டஸ்லிகாவிலிருந்து இறங்கிய கையோடு, மூன்றாம் லீக் உரிமத்துக்கான தொகையை அதன் ஜோர்டானிய முதலீட்டாளர் கட்டாததால், இரண்டு படி உருண்டு நான்காம் அடுக்கில் விழுந்தது. ஆனால் அந்த வீழ்ச்சியில், பயர்னோடு பங்கிட்டு வாடகைக்கு இருந்த ராட்சத அரங்கை விட்டு, நகருக்குள் கீசிங் பகுதியில் இருக்கும் பழைய க்ரூன்வால்டர் அரங்குக்குத் திரும்பினார்கள். அங்கே இடம் கிடைக்காமல் ரசிகர்கள் அலைந்தார்கள். நான்காம் அடுக்கின் அந்த ஓராண்டை நினைத்து ஏங்குகிற 1860 ரசிகர்கள் இருக்கிறார்கள் என்பது, மேலே போவதுதான் எல்லாம் என்று நினைக்கிற என் போன்றவர்களைக் கொஞ்சம் திகைக்க வைக்கிற விஷயம். 2018-இல் ஸார்ப்ரூக்கனைத் தோற்கடித்து அவர்கள் ஏறினார்கள். அந்த ஸார்ப்ரூக்கன் இரண்டு ஆண்டு கழித்து, நான்காம் அடுக்கில் இருந்துகொண்டே, ஜெர்மன் கோப்பையின் அரையிறுதிக்குப் போன முதல் அணியாயிற்று. காலிறுதியில் டுஸ்ஸல்டார்ஃபுக்கு எதிராகக் கோல்கீப்பர் டானியல் பாட்ஸ் ஐந்து பெனால்டிகளைத் தடுத்தார், ஆட்டத்தின்போது ஒன்று, பிறகு நான்கு.

நம்பிக்கை பற்றிக் கேட்டால் ஜெர்மன் கால்பந்து அதிகாரிகள் உடனே எடுத்துக் காட்டுவது ஹைடன்ஹைமை. ஐம்பதாயிரம் பேர் வாழும் நகரம். அங்கேயே பிறந்த ஃபிராங்க் ஷ்மிட் 2007-இல் பயிற்சியாளரானபோது அணி மண்டல லீகுக்கும் கீழே இருந்தது. 2009-இல் மூன்றாம் லீக், 2014-இல் இரண்டாம் புண்டஸ்லிகா. 2023 மே 28, ரேகன்ஸ்புர்கில் 90 நிமிடம் தாண்டியும் 1-2 என்று பின்தங்கியிருந்தார்கள். வேறோர் ஊரில் தங்கள் ஆட்டத்தை முடித்த ஹாம்பர்க் ரசிகர்கள் புண்டஸ்லிகாவுக்குத் திரும்பிவிட்டோம் என்று மைதானத்தில் இறங்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். 93-ஆவது நிமிடத்தில் பெனால்டியில் 2-2. 99-ஆவது நிமிடத்தில் டிம் க்ளைன்டீன்ஸ்ட் 3-2. அதே பயிற்சியாளரோடு புண்டஸ்லிகா, முதல் ஆண்டே எட்டாமிடம்.

எல்ஃபர்ஸ்பெர்க் அதைவிடச் சின்னது. ஸார்லாந்தில் 13,000 பேர் வாழும் ஊர், கண் சொட்டு மருந்துக் கம்பெனி ஒன்றின் துணை. 2016-இலும் 2017-இலும் தென்மேற்கிலிருந்து போய்த் தோற்ற ஆறில் இரண்டு அவர்கள். 2022-இல் மூன்றாம் லீக், 2023-இல் இரண்டாம் புண்டஸ்லிகா. 2025 மே மாதம் புண்டஸ்லிகாவுக்கான கடைசி இடத்துக்கு ஹைடன்ஹைமோடு மோதினார்கள். 95-ஆவது நிமிடக் கோலில் தோற்றார்கள்.

இந்த இரண்டு ஊர்களையும் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஏணி திறந்திருக்கிறது பாருங்கள் என்பதற்கு இவற்றைச் சாட்சிக்கு அழைப்பது கொஞ்சம் குறும்பு. எல்ஃபர்ஸ்பெர்க் 2022-இல் ஏறியது, அவர்கள் மண்டலத்துக்கு நேரடி இடம் கிடைத்த பிறகு. ஹைடன்ஹைம் மூன்றாம் லீகுக்குப் போனது, மூன்று சாம்பியன்களுக்கு மூன்று இடம் இருந்த காலத்தில். இந்த இரண்டு தேவதைக் கதைகளிலும் அந்தப் படி ஒழுங்காக இருந்தது.

வடகிழக்கு மண்டலக் கிளப்புகள் ஒன்றுசேர்ந்து விதியை மாற்றக் கேட்டன. கெமியும் லோகும் ஒரே பக்கம் நிற்கிற அபூர்வம். சாம்பியன்கள் ஏறியே தீர வேண்டும் என்ற வாசகம் மற்ற மண்டலங்களின் அரங்குகளுக்கும் பரவியது. தீர்வு கணக்கில் சுலபம். ஐந்து லீக்கை நான்காக்கலாம். ஆனால் ஐந்தில் எதைக் கலைப்பது? 2012-இல் தனக்கென்று ஒரு லீகைப் பெற்ற பவேரியா அதை விடாது. வடக்கையும் வடகிழக்கையும் சேர்த்தால் டேனிஷ் எல்லையிலிருந்து செக் எல்லை வரை பேருந்து போக வேண்டும், வேலைக்குப் போய்க்கொண்டே ஆடுகிற பையன்களோடு.

இன்னொரு வழி, மூன்றாம் லீகிலிருந்து நான்குக்குப் பதில் ஐந்து அணிகளை இறக்குவது. இருபதில் ஐந்து, அதாவது கால் பங்கு. அந்த லீகில் 2025-26 சீசனில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தேன். வால்ட்ஹோஃப் மன்ஹைம், ஸார்ப்ரூக்கன், எஸ்ஸன், கோட்புஸ், 1860, ஃபெர்ல், ஹாவெல்சே. வாசலில் நின்று தட்டியவர்கள், தட்டித் தட்டிக் கை வீங்கியவர்கள், எல்லாரும் அந்த சீசனில் உள்ளே. ஐந்தாவதாக ஒருவர் இறங்கச் சம்மதமா என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும். மன்ஹைம்காரர் ஒருவராக என்னை நினைத்துப் பார்த்தேன். மூன்று முறை திருப்பியனுப்பப்பட்டவன் நான். உடனே கை தூக்குவேன் என்று சொல்ல வாய் வரவில்லை.